காலடி கேட்கும் ஏரி

மெதுவாகத்தான் பேச வேண்டும் என்ற முடிவோடு அந்தப் பலகைக் குடிலுக்குள் நுழைந்தேன். மீன் பிடிக்கிற இடத்தில் வாயைத் திறக்கக் கூடாது என்பது சின்ன வயதிலேயே மனத்தில் பதிந்த சட்டம். எங்கள் ஊர்க் குளத்தில் தூண்டில் போட்டு உட்கார்ந்திருக்கும் தாத்தா, கரையில் நாங்கள் லேசாகச் சிரித்தாலே முறைப்பார். அந்தப் பழக்கத்தில் நண்பரின் காதருகே குனிந்து, “எத்தனை அடி ஆழம்?” என்று கிசுகிசுத்தேன்.

அவர் சாதாரணக் குரலிலேயே பதில் சொன்னார். “தொண்ணூறு அடி வரும். வடிவாக் கதையுங்கோ அண்ணை. கதைக்கிறது மீனுக்குக் கேளாது. காலை மட்டும் பலகையில அடியாதேங்கோ.”

அந்த ஏரியில் நான் கழித்த இரண்டு நாளும் இந்தப் பேச்சைச் சுற்றியே போயின. முதலில் நம்பவில்லை. பிறகு கண்ணால் பார்த்தேன். ஊர் திரும்பியதும் தேடிப் படித்தேன்.

ஏரியின் பெயர் சிம்கோ. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், டொரன்டோவுக்கு வடக்கே ஒரு மணி நேரக் கார்ப் பயணத்தில் இருக்கிறது. பரப்பளவு 722 சதுர கிலோமீட்டர். மேற்கே கெம்பன்ஃபெல்ட் வளைகுடாவில் ஆழம் 40 மீட்டரைத் தாண்டும். குளிர்காலத்தில் இதன் மேல்பரப்பு உறைந்து தரையாகிவிடும். தென்கரையில் உள்ள ஜார்ஜினா நகரம் பனி மீன்பிடிப்பின் தலைநகரம் என்றே தன்னைச் சொல்லிக்கொள்கிறது. நண்பர் யாழ்ப்பாணத்துக்காரர். முப்பது ஆண்டுகளாக டொரன்டோ பக்கம், இப்போது மார்க்கம் நகரில் வீடு. ஜனவரி பிறந்துவிட்டால் சனி, ஞாயிறுகளில் அவரை வீட்டில் பார்க்க முடியாது.

காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். 404ஆம் நெடுஞ்சாலை வடக்கே ஓடி ரேவன்ஷூ சாலையில் முடிகிறது. அதற்கப்புறம் இருட்டுக்குள் வயல்கள், பெட்ரோல் நிலையம், உயிருள்ள சின்ன மீன்களை இரைக்கு விற்கும் கடைகள். ஜாக்சன்ஸ் பாயின்ட் கரையில் இறங்கியபோது குளிர் மைனஸ் 18 பாகை. மூச்சு விட்டால் மீசையில் உறைகிறது. அந்தக் குளிரில் பனி மீது நடந்தால் ஒவ்வொரு அடிக்கும் புதுச் செருப்புபோலக் ‘கிரீச்’ என்று ஒரு சத்தம் வரும். மைனஸ் 10க்குக் கீழே போனால் பனித்துகள் வழுக்கி நகராமல் நொறுங்குவதால் வரும் சத்தம் அது. அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கரையிலிருந்து குடிலுக்கு எங்களைக் கொண்டுபோனது ஒரு பாம்பார்டியர் வண்டி. முன்னால் சறுக்குப் பலகை, பின்னால் டாங்கிபோலச் சங்கிலிப் பட்டை, பக்கவாட்டில் கப்பல் ஜன்னல்போல வட்டக் கண்ணாடிகள். கியூபெக்கின் வால்கூர் ஊரைச் சேர்ந்த ஜோசப் அர்மான் பாம்பார்டியர் 1930களின் கடைசியில் உருவாக்கத் தொடங்கிய பனிப் பேருந்து வகை இது. சாலை மூடிக்கிடந்த காலத்தில் டாக்டரையும் பள்ளிப் பிள்ளைகளையும் தபாலையும் சுமந்த வண்டி. சிம்கோவில் குடில் வாடகைக்கு விடுகிறவர்கள் அந்தப் பழைய வண்டிகளைப் பாதுகாத்து இன்னும் ஓட்டுகிறார்கள். உள்ளே எஞ்சின் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. இவ்வளவு சத்தத்தோடு போய் இறங்கினால் எந்த மீன் நிற்கும் என்று நினைத்தேன். வண்டி எங்களை இறக்கிவிட்டுத் திரும்பிப் போனதும் நண்பர் தூண்டிலைத் தொடவேயில்லை. அடுப்பைப் பற்றவைத்தார், பிளாஸ்க்கைத் திறந்தார். “ஒரு தேத்தண்ணி குடிச்சு முடிக்கட்டும். கீழ அடங்கோணும்” என்றார்.

குடில் நாலு பேர் உட்காரும் அளவு. இரண்டு பக்கமும் பெஞ்சு. நடுவில் தரைப் பலகையில் சதுரமாக வெட்டிய திறப்புகள். அதற்கு நேர் கீழே பனிக்கட்டியில் துளைகள். துளைக்குள் தண்ணீர் கறுப்பாக இல்லை. பனிக்கட்டி வழியாகக் கசிந்து வரும் வெளிச்சத்தில் பச்சை கலந்த கண்ணாடி நிறத்தில், உள்ளேயிருந்து விளக்குப் போட்டதுபோல இருந்தது. பனிக்கட்டியின் தடிமன் ஒரு அடிக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு ஆள் நடக்க 10 சென்டிமீட்டர் தெளிந்த கட்டி போதும் என்பார்கள். தூண்டில் கோல் ஒன்றரை முழம்தான். பக்கத்தில் ஒரு வாளியில் எமரால்ட் ஷைனர் என்னும் விரல் நீளச் சின்ன மீன்கள் வெள்ளி ஊசிகளாக மிதந்தன. அவைதான் இரை.

அந்த வாளிதான் எனக்கு முதல் பாடம் நடத்தியது. நண்பர் வாளி மேல் குனிந்து, உரக்க ஒரு பழைய பாட்டைப் பாடினார். மீன்கள் அசையவில்லை, அவை பாட்டுக்கு மிதந்தபடி இருந்தன. பிறகு ஆள்காட்டி விரல் நகத்தால் வாளியின் பக்கத்தில் ஒரே ஒரு தட்டு. மெல்லிய தட்டுதான், எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அத்தனை மீனும் ஒரே கணத்தில் திசை மாறி எதிர்ப்பக்கச் சுவரில் முட்டின. இரண்டு தண்ணீருக்கு வெளியே துள்ளி விழுந்தன. மறுபடி பாட்டு; சலனமில்லை. மறுபடி தட்டு, மறுபடி சிதறல்.

காரணம் எளிமையானது. காற்றில் வரும் ஒலி தண்ணீரின் மேல்பரப்பில் மோதும்போது கிட்டத்தட்ட முழுவதும் திரும்பிப் போய்விடுகிறது. ஆயிரத்தில் ஒரு பங்கு ஆற்றல்தான் உள்ளே நுழைகிறது. காற்று அவ்வளவு மெலிந்தது, தண்ணீர் அவ்வளவு கனத்தது. மெலிந்தது கனத்ததை அசைக்க முடிவதில்லை. ஏரியில் இடையே பனிக்கட்டியும் அதன் மேல் ஒரு சாண் பனியும் சேர்ந்துகொள்கின்றன. தொண்டை கிழியக் கத்தினாலும் கீழே போய்ச் சேருவது சொற்பம். பனிக்கட்டியை நேராகத் தொட்டு அதிர வைத்தாலோ கதை தலைகீழ். கட்டியும் தண்ணீரும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பூட்ஸின் குதிகால், கடப்பாரை, தரையில் நழுவி விழுந்த பிளாஸ்க், இவற்றின் அதிர்வு தடையில்லாமல் கீழே இறங்கிவிடும். தண்ணீருக்குள் போய்விட்டால் ஒலிக்குக் காற்றில் இருப்பதைப்போல நாலு மடங்குக்கு மேல் வேகம்; நொடிக்குச் சுமார் 1400 மீட்டர்.

தாத்தா இந்தக் கணக்கை அறிந்தவர் இல்லை. ஆனால் இப்போது யோசித்துப் பார்த்தால் அவர் எங்களைச் சத்தம் போடாதே என்று அதட்டியதைவிட, கரையில் ஓடாதே என்று அதட்டியதுதான் அதிகம்.

ஊர் திரும்பித் தேடியபோது கிடைத்த ஓர் ஆய்வு என்னை உட்கார வைத்துவிட்டது. டேவிட் மேன், பீட்டர் காட் உள்ளிட்ட மூவர் கனடாவின் வடமேற்கு நிலப்பரப்பில் உள்ள கென்னடி ஏரியில் செய்தது. 2009இல் அமெரிக்க ஒலியியல் சங்கத்தின் ஆய்விதழில் வந்தது. குளிர்காலத்தில் அந்த ஏரியின் உறைந்த பரப்பில் வைரம் தேடித் துளையிட்டுக்கொண்டிருந்தார்கள். விமானம் இறங்கியது, ஹெலிகாப்டர் வந்தது, ஏரி மேலேயே சாலை போட்டு வண்டிகள் ஓடின. இந்த ஆராய்ச்சியாளர்கள் கட்டிக்குக் கீழே ஒலிவாங்கியை இறக்கி ஒவ்வொன்றையும் அளந்தார்கள். பெரிய எந்திரங்களோடு, நம் மீன்பிடிகாரர்கள் பயன்படுத்தும் துளைக்கருவியையும் பனி ஸ்கூட்டரையும் உளியையும்கூட அளந்தார்கள். அதில் ஒரு அளவு: பனிக்கட்டி மேல் கிடக்கும் பனியில் ஒரு மனிதர் வெறுமனே நடந்தாலே கீழே ஒலி அளவு சுமார் 30 டெசிபல் ஏறியது. டெசிபல் கணக்கில் 30 என்பது ஆற்றலில் ஆயிரம் மடங்கு. காலையில் என் பூட்ஸுக்கடியில் கிரீச்சிட்ட அந்தப் பனியின் நினைவு வந்தது.

அதே ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது. எல்லா மீனுக்கும் ஒரே காது கிடையாது. கெண்டை இனத்துக்கும் அதன் உறவுகளுக்கும் காற்றுப்பையிலிருந்து உட்காது வரை சின்னஞ்சிறு எலும்புகள் சங்கிலிபோலக் கோத்திருக்கும். நம் குளத்துக் கெண்டைக்கும் கெளுத்திக்கும் இது உண்டு. காற்றுப்பை பறைபோல அதிர, அந்த எலும்புகள் அதிர்வைக் காதுக்குக் கடத்தும். கூர்மையான காது. வாளியில் துள்ளிய ஷைனரும் இந்தக் கூட்டம்தான். ஆனால் நாங்கள் தேடிப் போன லேக் டிரௌட், ஒயிட்ஃபிஷ் என்னும் மீன்களுக்கு அந்த எலும்புச் சங்கிலி இல்லை. அவற்றுக்குத் தாழ்ந்த ஒலி மட்டுமே கேட்கும், அதுவும் ஒலி எழும் இடம் பக்கத்தில் இருந்தால்தான். உடலின் பக்கவாட்டில் ஓடும் உணர்கோடு தண்ணீரின் மிக நெருங்கிய அசைவைத் தொட்டு அறியும். இரைக்கு நல்ல காது, இரை தின்பவனுக்கு மந்தக் காது என்பது நான் எதிர்பார்க்காத ஏற்பாடு.

பத்து மணி வாக்கில் ஏரி கர்ஜித்தது. வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. தொலைவில் எங்கோ தொடங்கி, எங்கள் காலுக்கடியில் ஓடி, மறுபக்கம் போய் மறைந்தது. பெஞ்சின் விளிம்பை இறுகப் பற்றிக்கொண்டேன். நண்பர் தூண்டிலிலிருந்து கண்ணை எடுக்காமல், “பயப்பிடாதேங்கோ. ஏரி ஐஸ் கட்டுது” என்றார். வெயில் ஏறும்போது பனிக்கட்டி விரிகிறது, இரவில் சுருங்குகிறது. அந்த இழுவையில் கீறல் விழும்போது வருவது இது. சில சமயம் இடி, சில சமயம் விண்வெளிப் படத்துத் துப்பாக்கிபோல ‘பியூ’ என்று உயரத்தில் தொடங்கித் தாழும் ஒலி. கட்டியின் ஊடே உயர்ந்த சுருதி வேகமாகவும் தாழ்ந்த சுருதி மெதுவாகவும் பயணிப்பதால், தூரத்துக் கீறல் காதுக்கு அப்படி வந்து சேர்கிறது.

கென்னடி ஏரியில் அளந்தவற்றில் மிகப் பெரிய ஒலி எது தெரியுமா? துளைக்கும் எந்திரமல்ல. பனிக்கட்டியில் விரிசல் விழும் ஒலிதான். தானாக விழுந்த விரிசலும், ஹெர்குலிஸ் சரக்கு விமானம் இறங்கி ஏறும்போது விழுந்த விரிசலும். இவ்வளவு பெரிய சத்தத்துக்குள்தான் மீன்கள் குளிர்காலம் முழுவதும் வாழ்கின்றன. கர்ஜனை கேட்ட சில நிமிடங்களிலேயே நண்பரின் தூண்டில் வளைந்தது. முழங்கை நீளத்தில் ஓர் ஒயிட்ஃபிஷ், வெள்ளிக்காசு நிறம், வாய் சின்னது. ஏரியின் சத்தம் அதற்குப் பழகிய சத்தம் என்று நான் நினைக்கிறேன். திடீரென்று தலைக்கு மேல் விழும் குதிகால் பழகாத சத்தம்.

ஆனால் சத்தம் என்றாலே கெடுதல் என்று எடுத்துக்கொண்டால் அதுவும் தப்பு. நண்பர் ஈயம் கனத்த தூண்டிலை ஏரியின் அடித்தரை வரை இறக்கி, வேண்டுமென்றே ‘டொக் டொக்’ என்று அடித்தார். சேறு கலங்கும், அதிர்வு பரவும், இரை எதையோ கிளறுகிறது என்று பெரிய மீன் பார்க்க வரும். சில போலி இரைகளின் வயிற்றில் குண்டுமணிபோலச் சிறு உருண்டைகள் போட்டுக் கிலுக்குவதும் இதற்குத்தான். எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்பது மீனுக்கு முக்கியம். அடித்தரையில் கேட்டால் சாப்பாடு. கூரையில் கேட்டால் ஆபத்து.

மறுநாள் கதை முற்றிலும் வேறு. ஏரியின் தெற்கு முனையில் குக்ஸ் வளைகுடா, கெஸ்விக் ஊருக்குப் பக்கத்தில். ஆழம் குறைந்த இடம்; நாங்கள் நின்ற இடத்தில் நாலு மீட்டர்தான். குடில் கிடையாது, நடந்தே போனோம். இங்கே பிடிப்பது மஞ்சள் பெர்ச். உள்ளங்கை நீளத்திலிருந்து ஒரு சாண் வரை இருக்கும், மஞ்சள் உடலில் கரும்பச்சைப் பட்டை, வறுத்தால் அமிர்தம். நாலு மீட்டர் என்றால் மீனுக்கும் நம் காலுக்கும் இடையே ஒரு அறையின் உயரத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

நண்பர் பெட்ரோல் துளைக்கருவி வைத்திருந்ததை விற்றுவிட்டு இப்போது பேட்டரியில் ஓடுவதற்கு மாறியிருக்கிறார். ஒரு துளை அரை நிமிடம். முதலில் எட்டுத் துளைகளையும் வரிசையாகப் போட்டார். ஒரு துளையில்கூடத் தூண்டில் இறக்கவில்லை. துளைகளுக்கு மேல் கொஞ்சம் பனியைத் தள்ளி வெளிச்சத்தை மறைத்தார். கருவியைத் தூரத்தில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். “எல்லா ஓட்டையையும் ஒரேயடியாப் போட்டிடோணும். ஒண்டு போட்டு, பிடிச்சு, பிறகு பக்கத்தில இன்னொண்டு எண்டு போனா நாள் முழுக்கக் கலைச்சுக்கொண்டுதான் இருப்பம்.”

அரை மணி நேரம் கழித்து முதல் துளையில் ஒலியலைக் கருவியை இறக்கினார். வட்டமான முகப்பு; அதில் அடித்தரை ஒரு தடித்த சிவப்புக் கோடு; நம் தூண்டில் ஒரு மெல்லிய பச்சைக் கோடு; மீன் வந்தால் இடையில் ஆரஞ்சு நிறத்தில் துடிக்கும். மூன்று ஆரஞ்சுக் கோடுகள் தூண்டிலுக்குக் கீழே வந்து நின்றன. நண்பர் கோலை நூலளவு உயர்த்தினார், அவையும் உயர்ந்தன. மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். குளிரில் மரத்துப்போன காலை மாற்றி வைக்கலாம் என்று எழுந்து, தெரியாத்தனமாகக் கட்டி மேல் ஓர் எட்டுப் பலமாக வைத்துவிட்டேன். மூன்று கோடுகளும் அடித்தரைச் சிவப்புக்குள் போய் மறைந்தன. சொடுக்குப் போடும் நேரம்கூட ஆகவில்லை. அவை திரும்பி வரப் பத்து நிமிடம் பிடித்தது. மூன்றில் இரண்டுதான் வந்தன.

நூறு அடி தள்ளி ஓர் இளைஞர் கூட்டம் பாட்டு போட்டுக்கொண்டிருந்தது. முதலில் ஒலிபெருக்கி அவர்களுடைய பனிச்சறுக்கு வண்டியில், ஒரு மெத்தை மேல் இருந்தது. நண்பர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. பிறகு யாரோ அதை எடுத்துக் கட்டியின் மேல் நேராக வைத்தார்கள். உடனே எழுந்தார். சண்டை போடவில்லை. போய், சிரித்துப் பேசி, பெட்டியைத் தூக்கி மறுபடி மெத்தை மேல் வைத்துவிட்டு வந்தார். சத்தத்தின் அளவைக் குறைக்கச் சொல்லவே இல்லை.

அன்று மாலை கிளம்பும் நேரத்தில் ஒரு முதியவர் விளக்கும் வாளியுமாக ஏரிக்குள் நடந்து வந்தார். இரவில் லிங் பிடிக்கப் போகிறாராம். பர்பட் என்னும் மீனை இங்கே லிங் என்கிறார்கள். கடலில் வாழும் காட் மீனின் குடும்பத்தில் நன்னீரில் குடியேறியது இது ஒன்றுதான். விலாங்குபோல நீண்ட உடல், தாடையில் ஒற்றை மீசை. மற்ற மீன்கள் வசந்தத்துக்கோ இலையுதிர் காலத்துக்கோ காத்திருக்க, இது கடுங்குளிரில், கட்டிக்குக் கீழே, இருட்டில் முட்டையிடும்.

இந்த மீன் பாடும். கிரேட் ஸ்லேவ் ஏரியில், பனிக்கட்டிக்குக் கீழே பர்பட்களை அடைப்பில் விட்டு ஒலிவாங்கி வைத்துப் பீட்டர் காட்டும் கூட்டாளிகளும் பதிவு செய்தார்கள், 2014இல் வெளியிட்டார்கள். முட்டையிடும் பருவத்தில் காற்றுப்பையைத் தசையால் அதிர வைத்து, மெதுவான தட்டல்களில் தொடங்கி வண்டு ரீங்காரம் வரை பல விதமாக ஒலிக்கிறது. எல்லாம் தாழ்ந்த சுருதி. ஒளி இல்லாத ஏரியில் ஆணும் பெண்ணும் ஒன்றையொன்று கண்டுகொள்ள அது உதவும் என்று கருதுகிறார்கள்.

இதைப் படித்த பிறகு எனக்குச் சத்தம் என்பது பிடிபடும் மீனின் எண்ணிக்கை சம்பந்தப்பட்ட விஷயமாக மட்டும் இல்லை. கென்னடி ஏரி ஆய்வும் கடைசியில் கவலைப்பட்டது இதைப் பற்றித்தான். எந்திர ஒலி மீனைக் கொல்லும் என்று அது சொல்லவில்லை. கூர்மையான காதுள்ள மீன்கள் கேட்க வேண்டிய ஒலிகளை அது மூடிவிடக் கூடும் என்றது. மனிதக் குரல் கீழே போகாது. எஞ்சினின் உறுமல் போகும். எஞ்சினின் உறுமலும் தாழ்ந்த சுருதிதான். தேவையே இல்லாமல் பனி ஸ்கூட்டரில் துளைகளைச் சுற்றி வட்டமடிப்பவர்களை இரண்டு நாளும் பார்த்தேன். அது தப்பு என்றே சொல்வேன்.

இந்த ஏரிப் பகுதியின் பூர்வகுடிகளுக்குச் சத்தமில்லாமல் மீன் பிடிப்பது பழைய பழக்கம். ஓஜிப்வே மக்கள் துளைக்கு மேல் கம்பளியைப் போர்த்தி, அதற்குள் முகம் குப்புறப் படுத்து, மரத்தில் செதுக்கிய பொம்மை மீனைத் தண்ணீருக்குள் ஆட்டியபடி ஈட்டியோடு காத்திருப்பார்கள். படுத்தவனுக்குக் காலடி இல்லை. சிம்கோவும் கூச்சிசிங் ஏரியும் சேரும் ஆதர்லி நீரிடுக்கில், மரக்கழிகளை நட்டு மீனைத் திருப்பிப் பிடித்த வேலிகளின் மிச்சம் இன்னும் தண்ணீருக்கடியில் இருக்கிறது. மிஞ்சிகனிங் மீன்வேலி என்று பெயர். ஏறத்தாழ 5000 ஆண்டு பழமை. 1615இல் வந்த பிரெஞ்சுப் பயணி சாம்ப்ளேன் அதைப் பார்த்து எழுதியிருக்கிறார். ஊர் திரும்பும் முன் அங்கே போய்ப் பாலத்தருகே கொஞ்ச நேரம் நின்றேன். பார்ப்பதற்கு ஒன்றுமில்லை, ஓடும் தண்ணீர் மட்டும்தான்.

இரண்டாம் நாள் எங்களுக்குக் கிடைத்தது பதினான்கு பெர்ச். மார்க்கத்தில் நண்பரின் மனைவி மிளகாய்த்தூளும் உப்பும் தடவிப் பொரித்துத் தந்தார்.

டொரன்டோவில் உறவினர் உள்ள தமிழ்க் குடும்பங்கள் பல. குளிர்காலத்தில் அங்கே போக நேர்ந்தால், வீட்டுக்குள் முடங்கிவிடாமல் ஒரு நாள் சிம்கோவுக்குக் கூட்டிப் போகச் சொல்லுங்கள். கட்டியின் தடிமனைக் கேட்டுத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். வண்டியைத் தூரத்தில் நிறுத்துங்கள். துளைகளை ஒரேயடியாகப் போட்டுவிட்டு அரை மணி நேரம் காத்திருங்கள். அந்த அரை மணி நேரமும் தாராளமாகப் பேசுங்கள், பாடுங்கள், பிள்ளைகளைச் சிரிக்க விடுங்கள். காலை மட்டும் மெதுவாக வையுங்கள்.